கைகள் இல்லாத மூலக்கூறு

அத்தியாயம் 7

கொசுப்புழுவுக்குத் திவசம் கொடுத்த ஆளைப் பற்றித் தொகோரோ அன்று காலைதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டான். கேட்டதும் அவன் வாய் சும்மா இருக்கவில்லை.

"பதினோராயிரம் கொசு, மேடம். எல்லாத்துக்கும் சோறு படைச்சா நீகாத்தா ஜில்லாவுல அரிசி மிஞ்சாது."

துப்பறியும் ஆயுகவா அம்மையார் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு ஐம்பத்தெட்டு வயது, ஒல்லி உடம்பு. இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபத்தைந்து வருஷம் பொய்யைத் தேடித் தேடிப் பழகிய கண்கள், இப்போது கையிலிருந்த துண்டுக் காகிதத்தை விட்டு அசைய மறுத்தன. தொகோரோவுக்கு அது பழக்கம்தான். நாற்பத்திரண்டு வயதுக்காரன், ஒசாகா மேடைகளில் ஒரு ஜோடிக்காரனோடு நின்று ஜோக்கடித்தவன். ஜோடிக்காரன் கோபித்துக்கொண்டு போன பிறகு அம்மையாருக்குக் கார் ஓட்ட வந்தான். காரோடு சேர்ந்து வாயும் ஓடியது. அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது.

அந்தக் காகிதம் ஒரு கார்பன் நகல். பல்கலைக்கழகத்து ஆய்வகங்களில் உயிரை விட்ட எலிகளுக்கும் முயல்களுக்கும் அக்டோபர் மாதம் கோயிலில் நடக்கும் நினைவுப் பூசைக்கு ஆய்வாளர்கள் எழுதித் தரும் சீட்டு. அதில் இப்படி இருந்தது: நெல்வயல் கொசுப்புழு 11,386. அவற்றின் உள்ளே வாழ்ந்த நூல்புழு 312. என்னால் இறந்தவை. மன்னிக்க வேண்டுகிறேன். குரமோச்சி தெத்சுவோ.

எழுதியவன் இப்போது அவர்கள் எதிரிலேயே இருந்தான், பூசை மாடத்துக்குப் பக்கத்தில், வெள்ளைத் துணி சுற்றிய ஒரு பெட்டிக்குள். நாற்பத்தொன்பதாம் நாள் குடும்பக் கல்லறைக்குள் போயிருக்க வேண்டிய சாம்பல், இருபத்தொரு மாதமாக வீட்டிலேயே இருந்தது. கல்லறை, தெத்சுவோவின் இறந்துபோன அப்பாவுடைய அண்ணன், அந்தப் பெரியப்பாவின் பொறுப்பில் இருந்தது. பொய்யனுக்கு எங்கள் முன்னோர் பக்கத்தில் இடம் கிடையாது என்று அவர் சொல்லிவிட்டார். தெத்சுவோவின் அம்மா ஃபுமி அவர் காலில் விழுந்து கேட்டுப் பார்த்துவிட்டாள். பல்கலைக்கழகம் எழுத்தில் மன்னிப்புக் கேட்டால் திறக்கிறேன், இல்லாவிட்டால் என் காலத்தில் நடக்காது என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்காகத்தான் அவள் துப்பறிகிறவர்களைத் தேடினாள். இரண்டு பேர் முடியாது என்றார்கள். மூன்றாவதாக வந்தவர் ஆயுகவா அம்மையார்.

மகன் என்ன கண்டுபிடித்தான் என்று அம்மையார் கேட்டபோது ஃபுமி கூச்சப்படாமல் சொன்னாள். வயல்காட்டுப் பெண் அவள். ஆனால் மகன் சொல்லிக்கொடுத்ததை ஒரு வார்த்தை சிந்தாமல் வைத்திருந்தாள்.

"நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் அடுப்பு மாதிரி ஒண்ணு எரியுதாம். மைட்டோகாண்ட்ரியான்னு பேரு. அந்த அடுப்புக்கு வேணுங்கற சாமானைச் செய்யறதுக்கு மூட்டைதூக்கி ஆளுங்க இருக்காங்களாம், டி.ஆர்.என்.ஏ.ன்னு. தலையில மூட்டை. விலாசத்தைக் காலால படிப்பாங்களாம். ரெண்டு பக்கமும் ரெண்டு கை. மிருகங்களோட அடுப்புல மட்டும் சிலருக்கு ஒரு கை இருக்காது, அது முன்னாடியே தெரிஞ்சதுதானாம். எங்க தெத்சு ரெண்டு கையும் இல்லாதவனைப் பார்த்தான். அந்த நூல்புழுவுக்குள்ள. அவனும் மூட்டை தூக்கறாம்மான்னு சொன்னான்."

"நல்ல ஆளுதான். சம்பளம்னு கை நீட்ட மாட்டான்," என்றான் தொகோரோ.

ஃபுமி சிரித்துவிட்டாள். சிரித்தது தப்பு என்பதுபோல உடனே பெட்டிப் பக்கம் பார்த்தாள். அந்த வீட்டில் யாரும் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

பிறகு நடந்ததை அவள் துண்டு துண்டாகச் சொன்னாள். மூலக்கூறின் நீளத்தை அதன் வேதி எழுத்துகளை எண்ணித்தான் சொல்வார்களாம்; வழக்கமான மூட்டைதூக்கிக்கு எழுபது எழுத்துக்கு மேல் நீளம். தெத்சுவோ காட்டியதற்கு ஐம்பதுகூட இல்லை. இது உடைந்துபோன துண்டு, இதைப் புதுசு என்று காட்டி ஏமாற்றுகிறாயா என்று அவன் ஆய்வகத்துப் பேராசிரியர் கேட்டார். விசாரணைக் குழு உட்கார்ந்தது. அதே ஆய்வகத்தில் ஹிபினோ என்று ஒரு மூத்த ஆய்வாளர். தெத்சுவோ அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவான். அவரையே மறுபடி செய்து பார்க்கச் சொன்னார்கள். மூன்று தடவை செய்தார், மூன்று தடவையும் ஒன்றும் வரவில்லை. இருபது நிமிஷத்தில் தீர்ப்பு வந்தது. மறுமாதம், பிப்ரவரி பதினாலாம் தேதி, பனி விழுந்த சாலையில் தெத்சுவோவின் கார் வாய்க்காலுக்குள் இறங்கியது. பித்தலாட்டம் வெளிப்பட்ட வெட்கத்தில் அவனாகவே இறக்கிவிட்டான் என்று ஊர் பேசியது. காரின் பின்சீட்டில் அம்மாவுக்காக வாங்கிய மண்ணெண்ணெய் டின் இரண்டு இருந்ததை ஊர் பேசவில்லை.

"கடைசியா இங்க வந்தப்ப என்ன சொன்னான் தெரியுங்களா? ஹிபினோ அண்ணன் செஞ்சே வரலைன்னா நான்தான்மா எங்கயோ தப்பு பண்ணியிருப்பேன்னான். அவனே நம்பிட்டான். அதான் எனக்குத் தாங்கல."

பேராசிரியரை அவள் பெயர் சொல்லிக்கூடக் குறிப்பிடவில்லை, அந்த ஆளு என்றாள். ஹிபினோவைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் இளகியது. அந்த மாதிரி மனுசரைப் பார்க்க முடியாது என்றாள். மாதா மாதம் பதினாலாம் தேதி வந்து ஊதுபத்தி ஏற்றி, ரொம்ப நேரம் கைகூப்பி உட்கார்ந்திருந்துவிட்டுப் போகிறவர். இன்றைக்கும் பதினாலு, சாயங்காலம் வருவார்.

காரில் ஏறியதும் தொகோரோ கேட்டான். "புழுவை எண்ணுனதுல நேர்மையானவன்னு காட்டினா பெரியப்பா கல்லறையைத் திறந்துடுவாரா?"

"திறக்க மாட்டாரு. ஆனா பித்தலாட்டம் பண்றவன் பதினோராயிரத்து முந்நூத்து எண்பத்தாறுன்னு எழுத மாட்டான். சுமார் பன்னண்டாயிரம்னு எழுதுவான். பல்கலைக்கழகத்துல எல்லாக் கதவும் மூடியாச்சு. கோயில்ல வாட்ச்மேன் கிடையாது. வண்டியை எடு."

கோயில் பல்கலைக்கழகத்துக்குப் பின்னால், சீமைப்பனிச்சை மரங்களுக்கு நடுவில் இருந்தது. இலை முழுக்க உதிர்ந்து, தக்காளி போன்ற செம்மஞ்சள் பழம் மட்டும் தொங்கியது. அறுபதைத் தாண்டிய பிக்கு ஒருவர் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். நினைவுப் பூசைச் சீட்டுகளைப் பார்க்க வேண்டும் என்று அம்மையார் கேட்டதும் என்ன ஏது என்று கேட்காமல் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். வருஷத்துக்கு ஒரு கட்டு, நூல் போட்டுக் கட்டியிருந்தது.

எலி, முயல், கினிப்பன்றி, மருத்துவத் துறையிலிருந்து நாய் என்று எழுதியிருந்தார்கள். புழுவுக்குச் சீட்டு எழுதுகிற வழக்கம் உண்டா என்று அம்மையார் விசாரித்தார்.

"ஒரே ஒருத்தர்தான். முதல் தடவை கொண்டுவந்தப்ப நானே சிரிச்சேன். சாமி, உசிரு சின்னதுன்னா பாவமும் சின்னதாங்களான்னு கேட்டாரு. வாங்கி வெச்சேன்," என்றார் பிக்கு. பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சாதாரணமாகச் சேர்த்துக்கொண்டார். "எனக்குக் கண்ணு மங்கல், யாரு முகமும் பதியறதில்ல. ஆனா புழுக்காரரு வருஷம் தவறாம வர்றாரு. போன மாசம்கூட வந்தாரே."

தொகோரோ மரப்பெட்டியிலிருந்து தலையைத் தூக்கினான். போன மாதம் என்றால் 1994 அக்டோபர். குரமோச்சி தெத்சுவோ செத்தது 1993 பிப்ரவரியில்.

"சாமி, அவரு சாப்பிட்டுத் தெம்பாத்தான் இருந்தாரா?" என்று கேட்டான் அவன். அம்மையார் அவன் காலை மிதித்தார்.

கட்டுகளைப் பிரித்தார்கள். 1992-ஆம் வருஷக் கட்டில் அசல் சீட்டு இருந்தது, கார்பன் நகலோடு அச்சாகப் பொருந்தியது. 1993-ஆம் வருஷக் கட்டில் இன்னொன்று: கொசுப்புழு 10,927. நூல்புழு 298. குரமோச்சி தெத்சுவோ. 1994-இலும் ஒன்று: கொசுப்புழு 11,540. நூல்புழு 305. அதிலும் அதே பெயர். ஆனால் கையெழுத்து வேறு. தெத்சுவோவின் எழுத்து பரபரவென்று சாய்ந்து ஓடும். இது நிறுத்தி, அழுத்தி, ஒவ்வொரு கோடாக இழுத்து எழுதியது.

"செத்தவன் பேருல யாரோ விளையாடறாங்க மேடம்."

"விளையாடறவன் சேத்துல இறங்கிப் பதினோராயிரம் கொசுப்புழுவைப் பிடிச்சு எண்ண மாட்டான். நிஜமாவே பிடிச்சிருக்காங்க. ஏன் பிடிச்சாங்க?"

தெத்சுவோவின் பரிசோதனையைத் திரும்பச் செய்து பார்க்கத்தான் என்று தொகோரோ சொன்னான். அது சின்னக் குழந்தைக்கும் தெரியும் என்றார் அம்மையார். அடுத்த கேள்வியைக் கேள் என்றார். தொகோரோ யோசித்தான். மேடையில் நின்ற காலத்தில் ஜோக் எடுபடாத ஊருக்கு அவனும் ஜோடிக்காரனும் மறுவருஷம் போனதே இல்லை. அது ஞாபகம் வந்ததும் விடையும் வந்துவிட்டது.

"முதல் வருஷம் ஒண்ணும் கிடைக்காம போயிருந்தா, ரெண்டாவது வருஷம் எவன் கொசுக்கடி வாங்கப் போவான்?"

"இப்பதான் நீ வாங்கற சம்பளத்துக்கு வேலை பார்க்கறே," என்றார் அம்மையார்.

அப்படியானால் தெத்சுவோ சொன்னது சரி என்று நிரூபித்த ஒருவர் இந்த ஊரில் நடமாடுகிறார். ஒரு வருஷத்துக்கு மேலாக வாயைத் திறக்காமல் நடமாடுகிறார். தொகோரோவுக்குக் கோபம் வந்தது. பேராசிரியராகத்தான் இருக்கும், ஊரறியச் சொல்ல மானம் இடம் கொடுத்திருக்காது என்றான். அம்மையார் பிக்குவைப் பார்த்து, அந்தப் புழுக்காரர் பூசை நாளில் கூட்டத்தோடு வருவாரா என்று மட்டும் கேட்டார்.

பூசை எப்போதும் இருபதாம் தேதிக்கு மேல்தான் என்றார் பிக்கு. இவர் ஒரு வாரம் முந்தியே, தனியாக, பதினாலாம் தேதி மத்தியானம் வந்து சீட்டைக் கொடுப்பாராம். டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னால் இருக்க மாட்டாராம். வயலோரம் ஒரு வீட்டுக்குப் போக வேண்டும், அங்கே ஒரு அம்மா காத்திருப்பார்கள் என்பாராம்.

மரத்திலிருந்து ஒரு பழம் பொத்தென்று விழுந்தது. தொகோரோ அம்மையாரைப் பார்த்தான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார், துடைக்க ஒன்றும் இல்லாதபோதும். இந்த வழக்கில் எந்தக் கதவு திறந்தாலும் பரவாயில்லை, இது மட்டும் திறக்கக்கூடாது என்று தோன்றியது தொகோரோவுக்கு. அந்த அம்மாவுக்கு மிச்சம் இருந்தவர் ஹிபினோ ஒருவர்தான்.

ஹிபினோ அவர்களை ஆய்வகத்தில் மரியாதையாக வரவேற்று, மெஷினில் காசு போட்டு டின் காபி வாங்கிக் கொடுத்தார். நாற்பது வயது இருக்கும், தோள் கொஞ்சம் கூனியிருந்தது. குரமோச்சி அம்மா போன் பண்ணியிருந்தார்கள், என்னால் ஆனதைச் சொல்கிறேன் என்றார். மேஜைமேல் இரண்டு கண்ணாடித் தட்டுகளுக்கு நடுவே மெல்லிய ஜெல் நின்றுகொண்டிருந்தது, மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஜெல்லுக்குள் இரண்டு வண்ணக் கோடுகள் கீழ்நோக்கி இறங்கின. அடர்நீலம் முன்னால் போனது, வெளிர்நீலம் பின்னால் வந்தது.

தொகோரோவுக்குப் புரிகிற மாதிரி அவரே விளக்கினார். மூலக்கூறுகள் இந்த ஜெல்லுக்குள் ஓட்டப்பந்தயம் ஓடும். சின்னது வேகமாக இறங்கும், பெரியது மெதுவாக இறங்கும். மூலக்கூறைக் கண்ணால் பார்க்க முடியாது, அதனால் எவ்வளவு தூரம் ஓடியது என்று காட்டத்தான் இந்தச் சாயங்கள். பிறகு எக்ஸ்ரே பிலிமை வைத்துப் படம் எடுப்பார்கள். எந்த உயரத்தில் கறுப்புக் கோடு விழுகிறதோ அதை வைத்து நீளத்தைச் சொல்லிவிடலாம். அம்மையார் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். தொகோரோவின் கண் சுவரில் போய் நின்றது. பழுப்பேறிய தாளில் தூரிகையால் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தது: வெளிர்நீலம் வெளியேறும்வரை ஓட்டவும்.

பேராசிரியர் எழுதியது, இருபது வருஷமாக இங்கே இதுதான் விதி என்றார் ஹிபினோ. கொஞ்ச நேரம் தெத்சுவோவின் நல்ல குணங்களைப் பற்றிச் சொன்னார். சொல்லிக்கொண்டே எழுந்து போய், பேச்சு நிற்காமல், பழக்கப்பட்ட கையால் மின்சாரத்தை அணைத்தார்.

"வெளிர்நீலம் இன்னும் ரெண்டு விரக்கடை மேலதானே இருக்கு? சுவத்துல வேற மாதிரி போட்டிருக்கே," என்றான் தொகோரோ. ஜோக்குக்காகச் சொன்னதுதான்.

ஹிபினோவின் கை ஸ்விட்சிலேயே நின்றது. ஆயுகவா அம்மையார் கைப்பையைத் திறந்து, பிக்குவிடம் கேட்டு வாங்கிவந்த சீட்டு இரண்டையும் கண்ணாடித் தட்டுக்குப் பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தார்.

"அது உங்க கையெழுத்துங்களா?" என்றார்.

"ஆமாம்."

"அவரு பேரை ஏன் போட்டீங்க?"

"பரிசோதனை அவனோடது. என் பேரைப் போட எனக்கு உரிமை இல்லீங்க."

பிறகு அவராகவே சொன்னார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை, நின்றபடியே சொன்னார். அந்த டிசம்பரில் மூன்று தடவை செய்தது நிஜம். தெத்சுவோ கொடுத்த புழுவிலிருந்துதான் செய்தார். சுவரில் எழுதியிருந்தபடி வெளிர்நீலம் வெளியேறும்வரை ஓட்டினார். பார்த்தால் ஒன்றுமில்லை. குழுவிடம் ஒன்றுமில்லை என்றார். அன்றைக்கு அது பொய் இல்லை. வெளிர்நீலத்தோடு ஓடுவது ஐம்பத்தைந்து எழுத்து நீளமுள்ள மூலக்கூறு. கையிரண்டும் இல்லாத தெத்சுவோவின் ஆள் அதைவிடக் குட்டை. சாயத்துக்கு முந்தியே ஜெல்லைத் தாண்டி, கீழே இருக்கும் தண்ணீருக்குள் இறங்கிவிட்டான். அந்தத் தண்ணீரை மூன்று தடவையும் அவரே தொட்டியில் கொட்டினார்.

"அவன் முன்னாடியே நிறுத்தியிருக்கான். எல்லாரும் அப்படித்தான் செய்வாங்கன்னு நினைச்சிருப்பான், புதுசா வந்த பையன். நாங்க யாரும் அவனைக் கேக்கவே இல்லீங்க. எப்படிச் செஞ்சேன்னு ஒருத்தரும் கேக்கல. ஏன் ஏமாத்தினேன்னு மட்டும்தான் கேட்டோம்."

அவன் செத்து மூன்று மாதம் கழித்து அவன் மேஜையைக் காலி செய்யும்போது ஒரு பழைய பிலிம் கிடைத்தது. ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தான்: வெளிர்நீலம் இரண்டு விரல் மேலே, நிறுத்து. ஹிபினோ அந்தக் கோடையில் வயலில் இறங்கினார். ஆகஸ்டில் பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, எல்லாரும் குப்பை என்று வெட்டிப்போடுகிற அடிப்பகுதியில், கறுப்பாக, அழகாக, ஒரு கோடு இருந்தது. அது உடைந்த துண்டா என்று சோதித்தார். துண்டு மூட்டை தூக்காது. இது தூக்கியது.

தொகோரோவால் பொறுக்க முடியவில்லை. "அப்பவே சொல்லியிருக்கலாமே சார்."

"முதல் வாரம் சொல்ல முடியல. ரெண்டாவது வாரம், முதல் வாரம் ஏன் சொல்லலைன்னு கேப்பாங்களேன்னு சொல்லல. அப்புறம் மாசமாயிடுச்சு. நடுவுல எனக்குப் பதவி உயர்வு வந்துச்சு. அதையும் சொல்லிடறேன். அடுத்த வருஷம் மறுபடி செஞ்சேன். எங்கயாவது தப்பா வந்துடாதா, நான் அன்னைக்குச் சொன்னது சரின்னு ஆயிடாதான்னு பார்த்தேன். வரல. அவன்தான் சரி."

மனிதர்களிடம் ஒரு வருஷத்துக்கு மேல் மறைத்தவர் புழுக்களிடம் மறைக்கவில்லை. கொன்றதை ஒன்று விடாமல் எண்ணிக் கோயிலில் கொடுத்திருக்கிறார். கொடுக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, அவரை யாராலும் அசைத்திருக்க முடியாது. அவரைக் கெட்டவர் என்று திட்டித் தீர்த்துவிட முடிந்தால் நன்றாயிருக்கும் என்று தொகோரோ நினைத்தான். முடியவில்லை, அதனால் இன்னும் கசந்தது.

அம்மையார் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தார். ஹிபினோ அரைமணி நேரத்தில் எல்லாவற்றையும் எழுதி, முத்திரை குத்தி, பிலிமையும் உறையில் போட்டுக் கொடுத்தார். சாயங்காலம் அந்த வீட்டுக்கு எப்போதும்போல் போகப்போவதாகச் சொன்னார். எங்கள் காரிலேயே வாருங்கள் என்றார் அம்மையார். வழியெல்லாம் அறுவடை முடிந்த வயல்கள், அடிக்கட்டைகளுக்கு நடுவே தண்ணீர். தொகோரோ ஒரு ஜோக்கும் அடிக்காமல் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டியது அதுதான் முதல் தடவை.

ஃபுமி மூங்கில் இலையில் கட்டிய கொழுக்கட்டையை ஆவி பறக்க எடுத்து வைத்திருந்தாள். மூன்று பேரையும் சேர்த்துப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. உதவிக்குத்தான் ஹிபினோவைக் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். ஹிபினோ மாடத்தின் முன்னால் உட்கார்ந்து, ஊதுபத்தி ஏற்றி, சின்ன மணியைத் தட்டி, கைகூப்பினார். பிறகு முழங்காலில் இருந்தபடியே அவள் பக்கம் திரும்பி, நெற்றி பாயில் படக் குனிந்து, குனிந்த தலை நிமிராமல் எல்லாவற்றையும் சொன்னார்.

சாயம், தொட்டி, தண்ணீர், பிலிம், வயல் எல்லாவற்றையும் ஃபுமி கேட்டுக்கொண்டாள். அவர் முடித்த பிறகு அம்மையார் உறையை அவள் முன்னால் வைத்து, இதை உங்கள் மூத்தார், அந்தப் பெரியப்பா கையில் கொடுக்கலாம், பல்கலைக்கழகத்துக்கும் ஒரு பிரதி நாளைக்கே போகும், அவர்களால் இனி மறுக்க முடியாது என்றார். கல்லறை திறக்கும் என்றார். அவள் உறையைத் தொடவில்லை.

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?" என்றாள் ஹிபினோவிடம்.

"போன வருஷம் ஆகஸ்ட் ஆரம்பத்துலம்மா."

அவள் விரல் விட்டு எண்ணினாள். ஒரு கை தீர்ந்து, மறு கை தீர்ந்து, மறுபடி முதல் கைக்கு வந்தாள்.

"அப்புறம் பதினஞ்சு தடவை வந்தீங்க. இந்த இடத்துலயே உக்காந்து ரொம்ப நேரம் கும்பிடுவீங்க. பாவம், பையன் மேல எவ்வளவு பிரியம்னு நான் நினைச்சுக்குவேன். அவன்கிட்ட என்ன சொல்லுவீங்க அப்ப?"

"நீ சொன்னது சரின்னு. ஒவ்வொரு தடவையும் அதைத்தான் சொன்னேன்."

"அவன்கிட்டச் சொன்னீங்க." ஃபுமி மெதுவாகச் சொன்னாள். "நான் பின்னாடிதானே உக்காந்திருந்தேன், டீ வெச்சுக்கிட்டு."

ஹிபினோ அழவில்லை, அழுவதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்தவர்போலப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அழுதது தொகோரோதான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

நாளைக்குக் காலையில் எட்டு மணிக்கு வரவேண்டும், மூத்தார் வீட்டுக்குக் கூடவந்து, வாயால் சொல்லவேண்டும், காகிதம் மட்டும் போதாது என்றாள் ஃபுமி. வருகிறேன் என்றார் ஹிபினோ. பல்கலைக்கழகத்திலும் சொல்கிறேன், வேலை போனாலும் சொல்கிறேன் என்றார். பிறகு, கடைசியாக ஒரு ஊதுபத்தி ஏற்றிக்கொள்ளலாமா, அவனிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ள வேண்டும் என்று கேட்டு மாடத்தின் பக்கம் திரும்பினார்.

"வேண்டாம். அங்க திரும்பாதீங்க," என்றாள் ஃபுமி. "அவனுக்குப் பதினஞ்சு தடவை சொல்லிட்டீங்க. எனக்கு ஒரு தடவைதான் சொல்லியிருக்கீங்க. என்னைப் பார்த்து மறுபடி சொல்லுங்க."

ஹிபினோ அவளை நிமிர்ந்து பார்த்தார். "தெத்சு செஞ்சது சரிம்மா. தப்பு பண்ணினது நான்."

"இன்னொரு தடவை."

அவர் சொன்னார். அவள் இன்னொரு தடவை என்றாள். ஆயுகவா அம்மையார் தொகோரோவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் நின்று இருவரும் செருப்பை மாட்டி, கார் வரைக்கும் நடந்த பிறகும், உள்ளேயிருந்து அந்த மனிதரின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.